பாறை வளைவில் யாரும் இறங்க வேண்டாம்

"வண்டி ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு வண்டியப் பத்தி என்னம்மா தெரியும்?"

எங்கள் ஊர்க் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் தலைவர் ராயப்பன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, மப்ளரின் நுனியைத் தடவிக்கொண்டு, பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதைப் போலச் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. தலைவருக்கும் தெரியாது.

அந்தச் சங்கத்தில் பத்து வருடத்துக்கும் மேல் எழுத்தராக இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். முப்பத்து நான்கு வயதில் "ஓய்வு பெற்றுவிட்டேன்" என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஜெயராணி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, சங்கத்து மினி லாரி போயே போச்சு. புது வண்டி வாங்கப் போறாங்களாம். எப்படிப் பாத்து வாங்கணும்னு உங்களக் கேட்டா தெரியும்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "தலைவர்தான்" என்றாள். எனக்கு வந்த எரிச்சலில் அடுப்பில் இருந்த காபி பொங்கி வழிந்தது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், தட்டச்சு படித்தேன். எழுபதுகளின் நடுவில் ஊருக்குத் திரும்பிச் சங்கத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் எல்லோருக்கும் இருப்பதைப் போலத்தான். விதை உருளைக்கிழங்கு யாருக்கு எத்தனை மூட்டை, உரம் யாருக்கு எவ்வளவு என்று எழுதினேன். தலைவருக்குத் தேநீர் சொல்லி அனுப்பினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது எங்கள் ஊர் கிடக்கும் விதத்தைப் பற்றி. கவுஞ்சிக்கும் மன்னவனூருக்கும் நடுவில், மலையின் முதுகில் இருக்கிற ஊர் எங்களுடையது. ரோடு ஊர் வழியாகப் போகிறது. ரோட்டை ஒட்டிய நிலங்கள் சில பெரிய வீடுகளுக்குச் சொந்தம், தலைவருடையதும் அதில் சேர்த்தி. மற்றவர்களின் நிலமெல்லாம் ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தாக்கின் சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறது. அதற்குக் கீழ்க்காடு என்று பெயர். எங்களுக்கும் அங்கே இரண்டு அடுக்கு நிலம் உண்டு. கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு எதுவானாலும் அங்கிருந்து ரோட்டுக்கு மேலே ஏறி வரவேண்டும். வசதி இருந்தால் பொதிக் குதிரையில் வரும், இல்லாவிட்டால் பெண்கள் தலையில். என் அம்மா சவேரியம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் சரிவில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் என்னைப் பார்ப்பாள்.

கீழ்க்காட்டுக்கு ஒரு மண்பாதை உண்டு. ஊர்க்காரர்கள் தாங்களே வெட்டியது. பாதி வழியில் பெரிய பாறை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பாதை செங்குத்தாக ஏறும். அதுதான் பாறை வளைவு.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது அதனால்தான். கொடைக்கானலில் இருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ், ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் திணறும். கண்டக்டர் ஒன்றும் சொல்லமாட்டார், சொல்ல வேண்டியதும் இல்லை. இஞ்சினின் சத்தம் மாறியதும் எல்லோரும் எழுந்து இறங்கிவிடுவார்கள். கைக்குழந்தையோடு இருப்பவளும் இறங்குவாள். பஸ் காலியாக மேடு ஏறும், பின்னால் ஊரே பேசிக்கொண்டு நடக்கும். மேலே போய் ஏறிக்கொள்வார்கள். பஸ் ரொம்பவும் திணறினால் நாலு பேர் தோள் கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்து இப்படியே பழகிய கால்கள் எங்களுடையவை.

எண்பதுகளின் நடுவில் சங்கத்துக்கு ஒரு வண்டி வாங்க அனுமதி வந்தது. ஒரே ஒரு வண்டி. இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அனுமதிக்காக எழுதிய மனுவில் "கீழ்க்காட்டு விளைபொருளை ரோட்டுக்குக் கொண்டுவர" என்று நானே தட்டச்சு செய்திருந்தேன். ஆகவே எந்த வண்டி வாங்குவது என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை என்று நினைத்தேன். கீழ்க்காட்டுக்கு இறங்கி, பாரத்தோடு ஏறி வரக்கூடிய வண்டியை வாங்க வேண்டும். அவ்வளவுதானே?

எந்த வண்டி வந்தாலும் முதலில் பாதைக்குள் நுழைய வேண்டும். டிராக்டர் என்றார்கள் சிலர். அதன் பெரிய சக்கரம் ஓரத்தில் ஏறினால் அடுக்கைத் தாங்கும் கல்கட்டு சரிந்துவிடும். மூன்று சக்கர வண்டி என்றார்கள் சிலர். பொதிக் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பாதையின் நடுவில் ஒரு வாய்க்காலே விழுந்திருக்கிறது, மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரம் சரியாக அந்த வாய்க்காலில்தான் போகும். மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அப்போது புதிதாக வந்திருந்த மினி லாரி. இன்னொன்று, நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜீப். அதன் பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்தால் சில மூட்டைகள் வைக்கலாம்.

இரண்டின் விளம்பரத் தாளையும் வரவழைத்தேன். நீளமும் அகலமும் அதில் இருந்தன. மூங்கில் வெட்டி, மினி லாரியின் அளவுக்கு ஒரு செவ்வகச் சட்டம் கட்டினேன். நாலு மூலைக்கு நாலு பேர். நான், அம்மா, கீழ்க்காட்டுப் பெண்கள் இரண்டு பேர். சட்டத்தை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, வண்டி எப்படிப் போகுமோ அப்படியே பாதையில் நடந்தோம். வளைவில் வண்டி திரும்புவதைப் போலத் திரும்ப வேண்டும், சட்டத்தைச் சாய்த்து ஏமாற்றக் கூடாது.

எதிரே மொக்கையண்ணன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். பொதி சுமப்பது அவர் தொழில்.

"என்ன சவேரியம்மா, சாமி இல்லாம சப்பரத்த மட்டும் தூக்கிட்டுப் போறீக?"

"வண்டிக்கு அளவு பாக்குதாம் எம்மக."

"மாப்பிள்ளைக்கு இம்புட்டு அளவெடுத்திருந்தா இந்நேரம் உனக்குப் பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான்."

"அண்ணே, குதிரைய ஓரமா நிறுத்துங்க, வண்டி வருது" என்றேன் நான்.

அவர் உண்மையிலேயே குதிரைகளை ஓரம் கட்டினார். பிறகு சிரிப்பு தாங்காமல் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

வளைவில் மினி லாரியின் சட்டம் ஒரே திருப்பில் திரும்பவில்லை. வலது மூலை பாறையில் முட்டியது. இடது மூலையைப் பிடித்திருந்த பெண் பள்ளத்துக்குள் கால் வைக்க வேண்டியிருந்தது. ஒருமுறை பின்னுக்கு வந்து மறுபடி போனால்தான் திரும்பியது. செங்குத்தில், பாரத்தோடு, பின்னுக்கு வந்து மறுபடி ஏற வேண்டும். கயிற்றை அவிழ்த்து ஜீப்பின் அளவுக்குக் கட்டிப் போனோம். ஒரே திருப்பில் திரும்பியது, பாறைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கை போகுமளவுக்கு இடமும் இருந்தது.

இதைக் கூட்டத்தில் சொன்னபோதுதான், ஓட்டத் தெரியாத பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தலைவர் கேட்டார்.

அவருடைய பாணியை விளக்காவிட்டால் நான் பட்ட பாடு புரியாது. அவர் யாரிடமும் இல்லை என்று சொன்னதே கிடையாது. எதைச் சொன்னாலும் "நல்லதும்மா" என்பார். ஜீப்தான் வேண்டும் என்று நான் சொன்னால் நல்லதும்மா. மினி லாரிதான் வேண்டும் என்று ரோட்டோர நிலக்காரர் சொன்னால் நல்லதுப்பா. இரண்டு பேரும் தலைவர் தன் பக்கம் என்று நம்பி வீட்டுக்குப் போவார்கள். எழுந்து போகிற நேரத்தில், மப்ளரைச் சுற்றிக்கொண்டே, "அப்ப எல்லாருக்கும் சம்மதந்தான" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். எதற்குச் சம்மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மறுநாள் நான் எழுதும் தீர்மானத்தில் அவர் மனதில் இருந்தது மட்டும் இருக்கும்.

அன்று அவர் மனதில் இருந்தது மினி லாரி. ஒட்டன்சத்திரம் சந்தைக்கு நேராகப் போகலாம், முகப்பு பளபளவென்று இருக்கிறது, பக்கத்து ஊரான பூம்பாறையில் இன்னும் யாரும் வாங்கவில்லை.

"ஜீப்பு ஆபீசருமார் வார வண்டிம்மா. அதுல மூட்டையப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இருக்கிறதுக்கு இல்லீங்க சார், மேல வர்றதுக்கு."

"நல்லதும்மா. எதுக்கும் வண்டிய வரச்சொல்லிப் பாத்துருவோம்."

மதுரையில் இருந்து கம்பெனிக்காரர் மினி லாரியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, எங்கள் ஊர்ச் சேற்றுக்கு என்றே தேர்ந்தெடுத்ததைப் போல. வண்டிக்கு மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தலைவர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஹாரனை அடித்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். அவருடைய பரிசோதனை அத்துடன் முடிந்தது.

பாரத்தோடு ஏறுகிறதா என்று கீழ்க்காட்டில் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பார்க்கலாமே என்றார் கம்பெனிக்காரர். மூட்டை எங்கே என்றார். "மூட்டை எதுக்கு, நாங்க இருக்கோம்ல" என்று ஊர் ஆண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். நாலைந்து மூட்டை எடைக்குக் குறையாது, பார்வைக்கு நியாயமாகத்தான் இருந்தது. வண்டி கீழே இறங்கியது. வளைவில் ஒருமுறை முன்னும் பின்னும் போய்த் திரும்பியது. நான் பாறை மேல் ஏறி நின்றுகொண்டேன்.

கீழிருந்து வண்டி ஏறி வந்தது. வளைவை நெருங்கியது. இஞ்சினின் சத்தம் மாறியது.

அவ்வளவுதான். பின்னால் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே, பஸ்ஸில் இறங்குவதைப் போல, பலகையைத் தாண்டிக் குதித்து இறங்கிவிட்டார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வண்டி காலியாக, குஷியாக வளைவைத் தாண்டி ஏறியது. மேலே போனதும் எல்லோரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். ரோட்டில் காத்திருந்த தலைவரின் முன்னால் வண்டி ஆட்களோடு வந்து நின்றது. கைதட்டினார்கள்.

நான் மூச்சு வாங்க ஓடி வந்தேன். "சார், ஏறலை! வளைவுல எல்லாரும் எறங்கிட்டாங்க!"

"யாரு எறங்குனா?" என்றார் ஒருவர். பொய் சொல்லவில்லை. இறங்கியது அவருக்கே தெரியவில்லை.

"நீங்கதாண்ணே எறங்குனீங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிருக்கீங்க பாருங்க."

அவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மொக்கையண்ணன் குதிரைகளோடு நின்று, "குதிரைக்கு மட்டும் அந்தப் புத்தி இல்ல பாரு, மூட்டைய எறக்கிட்டு நடக்க" என்றார்.

"மூட்டைக்கும் எறங்கி நடக்கத் தெரியாது சார்" என்றேன் தலைவரிடம். "நாளைக்கு மூட்டையோட பாக்கணும்."

அவர் கண்ணை மூடினார். "நல்லதும்மா" என்றார். நான் கம்பெனிக்காரரைப் பார்த்தேன். மஞ்சு இறங்கி ரோட்டையே மூடிவிட்டது, அந்த நேரத்தில் அவர் மலை இறங்க முடியாது. தலைவர் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

மறுநாள் நாங்கள் வெள்ளனே கீழ்க்காட்டுக்குப் போனோம். அன்று மேலே வரவேண்டிய உருளைக்கிழங்கு மூட்டைகளையே வண்டியில் ஏற்றினோம். அந்த மூட்டைகளைத் தலையில் சுமந்திருக்க வேண்டிய பெண்கள் வெறும் கையோடு பாறை வளைவுக்கு நடந்தார்கள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏ பிரகாசி, இது நெசமா தெனமும் வருமா?"

"வர்ற வண்டிய வாங்கினா வரும்."

தலைவரும் அன்று வளைவுக்கே வந்திருந்தார். யாரையும் வண்டியில் ஏறவிடவில்லை நான். டிரைவர் மட்டும். வண்டி ஏறி வந்தது. வளைவில் முதல் திருப்பு. பாறை இடித்தது. பின்னுக்கு வந்தது. மறுபடி ஏறப் பார்த்தது. பின்சக்கரம் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது. அதைவிடத் தெளிவாக ஒரு வண்டி "என்னால் முடியாது" என்று சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் ஊர்க்காரர்களால் திணறுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது.

"ஏலே, தள்ளுங்கலே!" என்று ஒரு குரல்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். "யாரும் கைய வைக்காதீங்க! தானா ஏறுதான்னு பாக்கத்தான் இத்தன பாடும்!"

யார் கேட்டார்கள்? முதலில் தோள் கொடுத்தது யார் என்று பார்த்தால், என் அம்மா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பலகையில் தோளை வைத்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்கள், அவர்களைப் பார்த்து ஆண்கள். வெள்ளை ஷூவோடு கம்பெனிக்காரரும் தள்ளினார். ஏலேலோ என்று சத்தம் போட்டுக்கொண்டு ஊரே தள்ளியது. வண்டி வளைவைத் தாண்டிவிட்டது.

"ஏறிருச்சுல்ல?" என்றார் தலைவர், கண்ணைத் திறந்து.

"தள்ளி ஏறுச்சு சார்!"

"ஏம்மா, நம்மூர்ல தள்ளுறதுக்கு ஆளுக்கா பஞ்சம்?"

உண்மையில் பஞ்சமில்லை. அதுதான் எங்கள் கஷ்டமே. ஆள் சளைக்காமல் தள்ளுகிற ஊருக்கு எந்த வண்டியையும் விற்றுவிடலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் கத்தினேன். "நீ எதுக்கும்மா போய்த் தள்ளுன?"

"நல்லாக் கேட்ட. உருண்டு பள்ளத்துக்குப் போயிருந்தா? நம்ம மூட்டையில்ல கெடக்கு அதுல."

மினி லாரியே வாங்கப்பட்டது. "அப்ப எல்லாருக்கும் சம்மதந்தான" என்று தலைவர் ஜன்னலிடம் கேட்டார், ஜன்னல் மறுக்கவில்லை. "எனக்குச் சம்மதமில்லை" என்று நான் சொன்னேன். எழுத்தருக்கு ஓட்டு இல்லை என்று பொறுமையாக விளக்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல். வண்டி கீழ்க்காட்டுக்கு வரும் நாட்களில் பெண்கள் வளைவில் காத்திருந்து தள்ளினார்கள். மழை பெய்து மண் வழுக்கினால் தள்ளியும் ஏறாது. அப்போது வளைவுக்குக் கீழே மூட்டைகளை இறக்கி, தலையில் சுமந்து வளைவைத் தாண்டி, மேலே போய் மறுபடி ஏற்றினார்கள். வண்டி காலியாக ஏறும். பழைய நாளில் மூட்டையை ஒருமுறை தூக்கினால் போதும், வண்டி வந்த பிறகு இரண்டுமுறை தூக்கி இரண்டுமுறை இறக்க வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் வசதி. "இப்ப வளைவுச் சோலின்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு" என்றாள் அம்மா. குறை சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

கிளட்ச் இரண்டுமுறை போனது. டிரைவர் கீழ்க்காட்டுக்கு வர மறுத்தார். நியாயம்தான், அவரை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு வண்டி ரோட்டோர நிலங்களுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவில் மட்டும் ஓடியது. கீழ்க்காட்டு மூட்டை பழையபடி பெண்களின் தலைக்கே திரும்பியது. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திலும் நல்லதும்மா என்றார்கள். கடைசியாக ஒருநாள், வருடாந்தர அறிக்கையில் "கீழ்க்காட்டு விளைபொருள் போக்குவரத்து சிறப்பாக நடைபெற்று வருகிறது" என்று தட்டச்சு செய்யச் சொன்னார் தலைவர். தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டேன்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"சோலி முடிஞ்சது சார்."

"நல்லதும்மா" என்றார். அவர் அர்த்தத்தோடு சொன்ன ஒரே நல்லது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஜெயராணி கேட்டதற்கு வருகிறேன். வண்டி எப்படிப் பார்க்க வேண்டும்? சங்கத்தை விட்ட பிறகு கீழ்க்காட்டுக் குடும்பங்கள் சேர்ந்து பழைய ஜீப் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தோம். பெருமாள்மலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜீப்பை விற்பதாகக் கேள்விப்பட்டு அம்மாவும் நானும் போனோம். மூங்கில் சட்டம் அளவு சரி என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஒரு சாக்கு நிறைய ஈரமான உருளைக்கிழங்குத் தழையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் எங்களை ஒருமாதிரி பார்த்தார்கள்.

பெயிண்டைப் பார்க்கவில்லை. முதலில் படுத்துக்கொண்டு அடியில் பார்த்தேன், வண்டியின் இரும்புச் சட்டத்தில் விரிசலோ புதிதாக ஒட்டுப்போட்ட இடமோ இருக்கிறதா என்று. பிறகு முன்சக்கரங்களை இழுக்க வைக்கும் சின்ன லீவரைப் போடச் சொன்னேன். எஸ்டேட் டிரைவர் சிரித்தார். "அத நாங்க போட்டதே இல்லம்மா. எதுக்கு?" போட்டதே இல்லை என்பதால் அது இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, அசைத்து விழவைத்தார். பின்சக்கரம் இரண்டுக்கும் அடியில் என் தழையைப் பரப்பினேன். மிதித்தால் வாழைப்பழத் தோலைப் போல வழுக்கும். இப்போது எடுங்கள் என்றேன். பின்சக்கரம் சுற்றியது. முன்சக்கரம் இழுத்தது. வண்டி தழையைத் தாண்டி வந்தது.

அடுத்தது பாரம். மனிதர்கள் வேண்டாம், மூட்டை. மேட்டில் ஏறும்போது பாதியில் நிறுத்தச் சொன்னேன். ஓடி வந்த வேகத்தில் எந்த வண்டியும் ஏறிவிடும். நிறுத்தி, பிரேக்கில் நிற்கவைத்து, அங்கிருந்து மறுபடி எடுத்தால்தான் வண்டியின் உண்மை தெரியும். வண்டி நின்றதும், வேலை செய்துகொண்டிருந்த எஸ்டேட் ஆட்கள் கூடைகளை வைத்துவிட்டுத் தள்ள ஓடி வந்தார்கள். அம்மா கைகளை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடாதீக! எம்மக பாத்துக்கிட்டிருக்கா!"

நின்ற இடத்திலிருந்து வண்டி தானாகவே ஏறியது, அதையே வாங்கினோம்.

ஜெயராணி, அவ்வளவுதான் பாடம். சட்டம், தழை, மூட்டை. அதோடு, தள்ள வருகிறவர்களைத் தடுக்க உன் அம்மாவையும் கூட்டிப் போ. புது வண்டிக்குத் தலைவர் ஹாரன் அடித்துப் பார்ப்பார், அடிக்கட்டும். மூங்கில் சட்டம் எங்கள் வீட்டுக் கூரையில் செருகிக் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள். தலைவர் கேட்டால் நான் கொடுத்ததாகவே சொல்.

ஓட்டத் தெரியாத பிள்ளை என்ற பேச்சுக்கும் ஒரு முடிவு வந்துவிட்டது. கொடைக்கானலில் டாக்சி ஓட்டும் சித்தி மகன் அருளிடம் பழகினேன். "அக்கா, கியரு பாவம்க்கா, அதுக்கும் உசுரு இருக்கு" என்று புலம்பிக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். லைசென்ஸுக்காகத் திண்டுக்கல் போனபோது, ஆய்வாளர் மேட்டில் பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா சிரிக்கிறாய் என்றார். ஒன்றுமில்லை சார் என்று எடுத்துக் காட்டினேன்.

இந்த வாரம் முதல் தடவையாகக் கீழ்க்காட்டில் பாரம் ஏற்றினோம். எங்கள் மூட்டைகளும் பக்கத்து அடுக்குக்காரருடையவையும். மூட்டைகளின் மேல் அம்மா. வேண்டாம், முன்னால் உட்கார் என்றால் கேட்கவில்லை, மூட்டை விழுந்துவிடுமாம். முன்சக்கர லீவரைப் போட்டேன். பாதையில் முந்தின நாள் மழையின் ஈரம் இருந்தது. பாறை வளைவு வந்தது. இஞ்சினின் சத்தம் மாறியது.

கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு காலைப் பலகைக்கு வெளியே போட்டுவிட்டாள்.

"அம்மா! உக்காரு!"

"ஏறலேன்னா?"

"ஏறலேன்னா நிப்போம். நீ எறங்காத."

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி பாறையை ஒட்டி, முட்டாமல், ஒரே திருப்பில் திரும்பியது. முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றி இழுப்பது ஸ்டியரிங்கில் என் கைக்குத் தெரிந்தது. ரோட்டுக்கு வந்து நிறுத்தினேன். குதிரைகளோடு நின்றிருந்த மொக்கையண்ணன் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு இரண்டு எட்டு ஓடி வந்தவர், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார்.

அம்மா இறங்கினாள். மூட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கீழே வளைவைப் பார்த்தாள். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்து நானும் இறங்கி நின்றேன்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்க? மூட்டைய வெரசா எறக்கு. இன்னும் பாதிப் பேரு மூட்டை கீழ கெடக்கு" என்றாள்.

இறக்கிவிட்டு வண்டியைக் கீழ்க்காட்டுக்குத் திருப்பினேன். இந்தத் தடவை அம்மா முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.